கோட்டைக்குப் பின்னால் தெரியும் பெட்டி: கருப்பொருள் பூங்காக்களும் பார்வைக் கோடுகளும்

கோடை விடுமுறை தொடங்கினால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழும் உறவினர்களின் படங்கள் வட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் ஒரு படம் பலருடைய தொலைபேசியிலும் இருக்கும். பிள்ளைகள் மிக்கி எலியின் காதுகளைத் தலையில் மாட்டியபடி நிற்பார்கள். பின்னால் நீலக் கூரைகளோடு ஒரு கோட்டை.

அந்தப் படத்தில் எவையெல்லாம் இல்லை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மின்கம்பிகள் இல்லை. நெடுஞ்சாலை இல்லை. குப்பை ஏற்றும் லொறி இல்லை. தகரச் சுவர் போட்ட பாரிய களஞ்சியசாலை இல்லை. ஆனால் இவை எல்லாமே அந்தக் கோட்டைக்கு அருகில்தான் இருக்கின்றன. பூங்காவின் புகழ்பெற்ற சவாரிகளில் பல, களஞ்சியசாலையைப் போன்ற பெரும் கட்டடங்களுக்குள்ளேதான் ஓடுகின்றன. அவை கண்ணில் படாமல் இருப்பது தற்செயலான விடயம் இல்லை. எங்கே நின்றால் எது தெரியும் என்று கணக்கிட்டுச் செய்த வேலை அது.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கணக்கு பல இடங்களில் பிசகத் தொடங்கியிருக்கிறது. காரணம் பெரும்பாலும் வெளியில் இருந்து வரவில்லை. பூங்காக்கள் தாமே கட்டும் புதிய சவாரிக் கட்டடங்கள்தான் அவற்றின் பழைய காட்சிகளுக்குள் தலை நீட்டுகின்றன.

பார்வைக் கோடு என்றால் என்ன?

பார்ப்பவரின் கண்ணில் இருந்து ஒரு பொருள் வரை தடையின்றிச் செல்லும் நேர்கோட்டையே பார்வைக் கோடு என்கிறார்கள். அந்தக் கோட்டை ஒரு மரமோ சுவரோ மறித்தால் அப்பால் இருப்பது தெரியாது. பூங்கா வடிவமைப்பாளர்களுக்கு இந்தக் கோடு இரண்டு வழிகளில் உதவுகிறது. ஒன்று, தெரியக்கூடாததை மறைப்பது. மற்றது, தெரியவேண்டியதைத் தூரத்திலேயே காட்டி மக்களை அந்தப் பக்கம் நடக்கவைப்பது. நீண்ட தெருவின் முடிவில் கோட்டையை நிறுத்துவது இந்த இரண்டாவது நோக்கத்துக்காகவே. இப்படியான அடையாளத்தை வோல்ட் டிஸ்னி 'வீனி' என்று அழைத்தார். நாயை முன்னால் வரச் செய்யக் காட்டும் சொசேஜ் துண்டுக்கான பெயர் அது.

மறைப்பதன் கணக்கு எளிமையானது. நிற்பவரின் கண் நிலத்தில் இருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 அடி தள்ளி 25 அடி உயரமான கடைச் சுவர் ஒன்று உள்ளது. அவருடைய பார்வை அந்தச் சுவரின் உச்சியைத் தொட்டு மேலே போகும்போது ஒவ்வொரு 100 அடிக்கும் 20 அடி உயர்கிறது. ஆகவே அவரிடம் இருந்து 300 அடி தூரத்தில் 65 அடி வரை உயரமான கட்டடத்தை அந்தச் சிறிய சுவர் முற்றாக மறைத்துவிடும்.

அதே மனிதர் 100 அடி பின்னால் நகர்ந்தால் கணக்கு மாறும். இப்போது சுவர் 200 அடி தூரத்தில் இருக்கிறது. பார்வை 100 அடிக்கு 10 அடிதான் உயர்கிறது. பின்னால் உள்ள கட்டடம் 400 அடி தூரத்தில். அதில் 45 அடி மட்டுமே மறையும். கட்டடம் 65 அடி உயரம் என்றால் மேல் 20 அடி வெளியே தெரியும்.

இதில் இருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு கட்டடம் 'தெரிகிறதா' என்று பொதுவாகக் கேட்க முடியாது. எங்கே நிற்பவருக்கு, எந்த உயரத்தில் இருந்து பார்ப்பவருக்கு என்று சேர்த்தே கேட்கவேண்டும். நல்ல வடிவமைப்பாளர்கள் மக்கள் எங்கே நிற்பார்கள், எங்கே திரும்புவார்கள், எங்கே வரிசையில் காத்திருப்பார்கள் என்பதைக் குறித்துக்கொண்டே கட்டடத்தின் இடத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

மண் அணையில் தொடங்கிய கதை

1955 ஜூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. தோடம்பழத் தோட்டங்களாக இருந்த சுமார் 160 ஏக்கர் காணி அது. பூங்காவைச் சுற்றி ஒரு மண் அணை எழுப்பப்பட்டு அதன் மேல் சிறிய புகையிரதம் ஓடவிடப்பட்டது. மண் அணை என்ற சொல் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும். அங்கே அது வெளியுலகைக் கண்ணில் இருந்து அகற்றுவதற்காகப் போடப்பட்டது. உள்ளே நிற்பவருக்கு வாகனங்களும் வீதிகளும் தெரியக்கூடாது என்பதே அதன் வேலை.

அணை கட்டிய சில ஆண்டுகளிலேயே அது ஒரு தடையாகவும் மாறியது. உள்ளே இடம் முடிந்துவிட்டது. பெரிய சவாரிகளுக்கான கட்டடங்களை அணைக்கு வெளியே கட்டவேண்டிய நிலை வந்தது. வெளியே உள்ள கட்டடத்துக்கு மக்களை எப்படிக் கொண்டுபோவது? 1967இல் திறக்கப்பட்ட 'பைரேட்ஸ் ஒப் த கரீபியன்' சவாரியில் படகு இரண்டு சரிவுகளில் கீழே இறங்குகிறது. பயணிகள் அதை விறுவிறுப்புக்காக வைத்த சரிவு என்று நினைப்பார்கள். உண்மையில் படகு அந்த ஆழத்தில்தான் புகையிரதப் பாதைக்குக் கீழால் நுழைந்து அணைக்கு வெளியே உள்ள பெரிய கட்டடத்துக்குப் போகிறது.

1969இல் திறக்கப்பட்ட 'ஹோன்டட் மான்ஷன்' பேய் வீட்டிலும் இதே உத்திதான். வெளியே தெரியும் வீடு ஒரு முகப்பு மட்டுமே. உள்ளே ஒரு அறையின் சுவர்கள் மெல்ல நீண்டுகொண்டே போவது போலத் தோன்றும். அந்த அறை ஒரு மின்தூக்கி. கதை கேட்டுக்கொண்டு நிற்கும் மக்களைத் தெரியாமலே கீழே இறக்கி, பாதைக்கு அடியால் நடக்கவிட்டு, வெளியே உள்ள கட்டடத்துக்கு அனுப்பிவிடுகிறது. புளோரிடாவில் பின்னர் கட்டிய பேய் வீட்டில் மக்களைக் கீழே இறக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அங்கே தளம் அசையாமல் நிற்கக் கூரைதான் மேலே போகிறது.

சவாரிக் கட்டடம் தெரியக்கூடாது என்ற கட்டுப்பாடு இல்லாதிருந்தால் இந்த இரண்டு புகழ்பெற்ற காட்சிகளும் பிறந்திருக்காது. அந்தத் தலைமுறை வடிவமைப்பாளர்கள் தடையைக் கதையின் ஒரு பகுதியாக மாற்றினார்கள்.

காணி வாங்கித் தீர்த்த பிரச்சினை

அனஹைமில் பூங்கா வெற்றி பெற்றதும் அதன் வாசலைச் சுற்றி விடுதிகளும் விளம்பரப் பலகைகளும் முளைத்தன. ஆகவே அடுத்த பூங்காவுக்காக டிஸ்னி நிறுவனம் புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் அதிகமான காணியை வாங்கியது. கொழும்பு மாநகர எல்லையின் பரப்பளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அது. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி அங்கே 'மெஜிக் கிங்டம்' திறக்கப்பட்டது. அயலவர் யாரும் உயரமாகக் கட்டிக் காட்சியைக் கெடுக்க முடியாத தூரத்துக்கு எல்லை தள்ளிப்போனது.

அங்கே இன்னொன்றும் செய்தார்கள். பூங்காவின் தெருக்களுக்குக் கீழே ஊழியர்களுக்கும் பொருட்களுக்கும் குப்பைக்கும் தனியான சுரங்க வழிகளை அமைத்தார்கள். நிலத்தடி நீர் உயரமாக இருந்ததால் அவற்றைத் தோண்டிப் புதைக்கவில்லை. சுரங்க வழிகளைத் தரைமட்டத்தில் கட்டி, அருகில் வாவி வெட்டிய மண்ணால் மூடி, அதற்கு மேலே பூங்காவை எழுப்பினார்கள். மக்கள் நடக்கும் தெரு உண்மையில் இரண்டாவது மாடி.

ஆனாலும் முதல் பெரிய தவறு நிறுவனத்தின் சொந்தக் காணிக்குள்ளேயே நடந்தது. 1990இல் 'எப்கொட்' பூங்காவுக்கு அருகே கட்டடக் கலைஞர் மைக்கல் கிரேவ்ஸ் வடிவமைத்த 'ஸ்வான்', 'டொல்பின்' என்ற இரண்டு பெரிய ஹோட்டல்கள் திறக்கப்பட்டன. எப்கொட்டில் வாவியைச் சுற்றிப் பல நாடுகளின் தெருக்களும் மாளிகைகளும் அமைந்துள்ளன. வாவியின் ஒரு கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் அந்தக் கூரைகளுக்கு மேலே ஹோட்டலின் உச்சி தெரிகிறது. பாரிஸைப் பார்க்கவேண்டிய கண் புளோரிடாவின் ஹோட்டலையும் சேர்த்தே பார்க்கிறது.

நான்கு ஆண்டுகளின் பின் கட்டிய இன்னொரு கட்டடம் அதற்கு நேர்மாறான பாடம். 1994இல் அயல் பூங்காவில் 199 அடி உயரமான 'டவர் ஒப் டெரர்' திறக்கப்பட்டது. 200 அடியை எட்டினால் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கைப் பொருத்தவேண்டி வரும் என்பதால் ஓரடி குறைத்தார்கள். எப்கொட்டில் நிற்பவருக்கு இந்தக் கோபுரமும் தெரியத்தான் செய்யும். மொரோக்கோ பகுதியின் கூரைகளுக்கு மேலே தலை நீட்டும். அதை மறைக்க வழியில்லை என்று தெரிந்ததும், கோபுரத்தின் நிறத்தையும் உச்சியின் வடிவத்தையும் மொரோக்கோக் கட்டடங்களோடு ஒத்துப்போகும்படி செய்தார்கள். தெரியாதவர்கள் அதையும் மொரோக்கோவின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பெட்டிகள் ஏன் பெரிதாகின்றன?

பூங்காத் துறையில் சவாரி ஓடும் உட்கட்டடத்தை 'ஷோ பில்டிங்' என்பார்கள். உருக்குச் சட்டம், தகரச் சுவர், தட்டைக் கூரை, அதன் மேல் குளிரூட்டி இயந்திரங்கள். வெளியே இருந்து பார்த்தால் துறைமுகக் களஞ்சியசாலைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது.

இந்தப் பெட்டிகள் பெரிதாவதற்குப் பல காரணங்கள் உள்ளன. மழையிலும் வெயிலிலும் சவாரி நிற்காமல் ஓடவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் அதிகமானவர்களை ஏற்றி இறக்கவேண்டும். ஒளியையும் ஒலியையும் முழுமையாகக் கட்டுப்படுத்தவேண்டும். பாரிய திரைகளின் முன்னால் மக்களைத் தொங்கவிடும் சவாரிகளுக்குத் தூண் இல்லாத உயரமான மண்டபம் வேண்டும். ரோலர் கோஸ்டர் ஒன்றை முழுவதுமாகக் கூரைக்குள் கொண்டுவந்தால் பெட்டி இன்னும் பருக்கும்.

எப்கொட்டில் 2022 மே 27ஆம் திகதி திறக்கப்பட்ட 'கார்டியன்ஸ் ஒப் த கலக்சி: கொஸ்மிக் ரிவைன்ட்' இதற்கு நல்ல உதாரணம். 1982 முதல் இருந்த பழைய கட்டடம் ஒன்று அதன் வாசலாகவும் காத்திருப்பு மண்டபமாகவும் மாற்றப்பட்டது. கோஸ்டர் ஓடுவதோ அதற்குப் பின்னால் புதிதாக எழுந்த பாரிய பெட்டியில். வாகனத் தரிப்பிடத்தில் இறங்கும்போதே அது தெரிகிறது. அதை மறைக்க மலையோ முகப்போ கட்டவில்லை. வானத்தோடு கலக்கும் என்ற எண்ணத்தில் வெளிர்நீலம் பூசினார்கள். மேகமற்ற நாளில் அது ஓரளவு பலிக்கலாம். மழை இருட்டில் நீலப் பெட்டியாகவே நிற்கும்.

மறைக்கும் வழிகள் ஐந்து

முதலாவது, கீழே போவது. இங்கிலாந்தின் 'ஓல்டன் டவர்ஸ்' பூங்காவில் மர உச்சிகளுக்கு மேலே எதுவும் எழக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. 1994இல் அங்கே 'நெமெசிஸ்' கோஸ்டரை அமைத்தபோது பாறையை வெடிவைத்துத் தகர்த்துக் குழி தோண்டினார்கள். கோஸ்டர் குழிக்குள் சுழல்கிறது. உயரம் இல்லாமலே பயங்கரம் கிடைத்தது.

இரண்டாவது, முகப்பு உடுத்துவது. 2010இல் புளோரிடாவின் யுனிவேர்சல் பூங்காவில் திறக்கப்பட்ட ஹரி பொட்டர் பகுதியில் சவாரிக் கட்டடத்தின் முன்னால் பாறையும் அதன் மேல் ஹொக்வார்ட்ஸ் கோட்டையும் எழுப்பப்பட்டன. மேலே போகப்போகக் கோபுரங்களைச் சிறிதாக்கிக் கட்டுவதால் கோட்டை உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும். பெட்டியை மறைக்கும் பொருளே பூங்காவின் முக்கிய அடையாளமும் ஆகிவிடுகிறது. செலவு கூடிய வழி இது.

மூன்றாவது, சுற்றி அடைப்பது. அதே நிறுவனம் 2014இல் திறந்த 'டயகன் அலி' தெரு நான்கு பக்கமும் உயர்ந்த கட்டடங்களால் சூழப்பட்டது. தெரு ஒடுக்கமானது; வாசல் வளைந்து செல்லும். ஒடுங்கிய தெருவில் நிற்பவரின் பார்வை செங்குத்தாக மேலே போவதால் பின்னால் எவ்வளவு பெரிய பெட்டி இருந்தாலும் தெரியாது. அங்கிருந்து மற்றப் பூங்காவுக்கு ஒரு புகையிரதம் ஓடுகிறது. பாதையோ பூங்காவின் பின்புறங்களின் வழியாகப் போகிறது. ஆகவே பெட்டியின் யன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகத் திரைகளைப் பொருத்தினார்கள். பயணிகள் காண்பது ஸ்கொட்லாந்தின் மலைகளை.

நான்காவது, நிறம். டிஸ்னி பூங்காக்களில் மின்பெட்டி, வேலி, பின்சுவர் போன்றவற்றுக்குப் பூசும் மங்கலான பச்சைக்கு 'கோ அவே கிரீன்' என்று பெயர். கண்ணே, இதை விட்டுப் போ என்று சொல்லும் பச்சை. செடிகளுக்கு நடுவே உள்ள சிறிய பொருட்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். பல மாடி உயரமான சுவருக்கு நிறத்தை மட்டும் நம்பும்போதுதான் அதன் எல்லை தெரிகிறது.

ஐந்தாவது, கடன் வாங்குவது. ஜப்பானியத் தோட்டக் கலையில் தூரத்து மலையைத் தோட்டத்தின் பின்னணியாகச் சேர்த்துக்கொள்ளும் மரபு உண்டு. கியோட்டோவின் என்சூஜி ஆலயத்தில் வேலிக்கு அப்பால் ஹியெய் மலை தெரியும்படி தோட்டம் அமைந்துள்ளது. அந்தக் காட்சியைப் பாதுகாக்க, 2007இல் கொண்டுவந்த நகரின் நிலக்காட்சிக் கொள்கையில் இடம் ஒதுக்கப்பட்டது. 2001இல் திறக்கப்பட்ட 'டோக்கியோ டிஸ்னிசீ' பூங்காவிலும் சில இடங்களில் நின்றால் பூங்காவின் நீரும் டோக்கியோ விரிகுடாவும் ஒன்றாகத் தெரியும். அங்கே வாசலில் உள்ள ஹோட்டலை மறைக்கவும் இல்லை. அதன் உட்பக்கத்தை இத்தாலியத் துறைமுகத் தெருவாகவே கட்டினார்கள். எப்கொட்டின் ஹோட்டல் தவறுக்கு இது சரியான பதில்.

பழைய இடத்திலேயே புதிய கோடு

காட்சி கெடுவதற்குப் புதிய கட்டடம்தான் வேண்டும் என்றில்லை. கலிபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் 2004இல் கட்டிய 'டவர் ஒப் டெரர்' பழைய ஹொலிவூட் ஹோட்டலின் தோற்றத்தில் இருந்தது. அதைச் சுற்றியுள்ள தெருக்களும் பழைய லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் காட்டின. 2017இல் அதே கட்டடத்துக்குக் குழாய்களும் உலோகத் தகடுகளும் மாட்டி விண்வெளிக் கோட்டையாக மாற்றினார்கள். உயரமும் இடமும் மாறவில்லை. ஆனால் அந்தப் பழைய தெருக்களின் மேலே இப்போது வேறொரு உலகத்தின் கட்டடம் தெரிகிறது.

கட்டடம் மாறாமல், பார்ப்பவரின் இடம் மாறினாலும் இதுவே நடக்கும். 2019 செப்டெம்பரில் புளோரிடாவில் ஹோட்டல்களையும் பூங்காக்களையும் இணைக்கும் 'ஸ்கைலைனர்' கேபிள் கார் ஓடத் தொடங்கியது. அதில் ஒரு பாதை எப்கொட்டின் பின்வாசலுக்கு வருகிறது. 2021 ஒக்டோபரில் அங்கே பிரெஞ்சுப் பகுதியில் 'ரெமி' என்ற எலியின் சவாரி திறக்கப்பட்டது. தெருவில் நிற்பவருக்கு அது பாரிஸின் சந்து. கேபிள் காரில் வருபவருக்குத் தட்டைக் கூரைகளும் பின்சுவர்களும் தெரிகின்றன. நிலத்தில் நிற்கும் 5 அடிக் கண்ணுக்குப் போட்ட கணக்கு வானத்தில் தொங்கும் கண்ணுக்குப் பொருந்தாது.

அதேவேளை கவனமாகச் செய்தால் பெரிய விரிவாக்கத்தையும் மறைக்கலாம் என்பதற்கு முதல் டிஸ்னிலேண்டே சான்று. 2019 மே 31ஆம் திகதி அங்கே 14 ஏக்கரில் 'ஸ்டார் வோர்ஸ்' பகுதி திறக்கப்பட்டது. அதற்கு இடம் எடுக்கப் பழைய ஆற்றின் வடக்குப் பகுதியைச் சுருக்கினார்கள். புகையிரதப் பாதையை மாற்றினார்கள். 1955 முதல் வலப்பக்கமாகவே வளைந்து ஓடிய புகையிரதம் 2017இல் முதல் தடவையாக இடப்பக்கம் வளைந்தது. ஆற்றின் கரையில் பாறைகளும் நீர்வீழ்ச்சிகளும் எழுப்பினார்கள். கப்பலில் போகிறவர் பாறைகளைப் பார்க்கிறார். அவற்றின் மறுபக்கம் விண்கலங்கள் நிற்பது அவருக்குத் தெரியாது.

மெஜிக் கிங்டத்திலும் இப்போது இதே கேள்வி எழுந்துள்ளது. அங்கிருந்த ஆறும் தீவும் 2025 ஜூலையில் நிரந்தரமாக மூடப்பட்டன. 'கார்ஸ்' திரைப்படத்தை அடிப்படையாகக் கொண்ட பகுதி அந்த இடத்தில் வரவிருக்கிறது. ஆறு வெறும் அழகுக்காக இருக்கவில்லை. ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையே தூரத்தைக் கொடுத்தது. தீவின் மரங்கள் பின்னணியை மூடின. திறந்த நீர் நிலமாகும்போது அந்த இரண்டையும் வேறு எதனாலாவது ஈடுசெய்யவேண்டும்.

யாருடைய காட்சிக்காக யார் குனிவது?

மறைப்பது அழகியல் விடயம் மட்டும் என்றால் இதை இங்கேயே முடித்துவிடலாம். அதற்குள் அதிகாரமும் இருக்கிறது.

1960களில் அனஹைமில் டிஸ்னிலேண்டுக்கு அருகே 22 மாடி ஹோட்டல் ஒன்றைக் கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பூங்காவுக்குள் இருந்து அது தெரியும் என்று டிஸ்னி நிறுவனம் எதிர்த்தது. 1964இல் நகரசபை பூங்காவைச் சுற்றியுள்ள கட்டடங்களுக்கு உயர வரம்பு விதித்தது. ஒரு தனியார் பூங்காவின் உள்ளே நிற்பவருடைய பார்வைக்காக, வெளியே காணி வைத்திருப்பவர் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பது தீர்மானிக்கப்பட்டது.

ஜேர்மனியின் புரூல் நகரில் உள்ள 'ஃபன்டாசியாலான்ட்' பூங்காவில் இதே விதி எதிர்த்திசையில் இயங்குகிறது. அது குடியிருப்புகளுக்கு அருகே, ஒடுங்கிய காணியில் இருக்கிறது. உயரக் கட்டுப்பாடு பூங்காவுக்குத்தான். ஆகவே அங்குள்ளவர்கள் நிலத்தைத் தோண்டிக் கீழே போனார்கள். 2016இல் 'டாரொன்', 2020இல் 'எஃப்.எல்.வை.' என்ற கோஸ்டர்கள் பாறைகளுக்கும் கட்டடங்களுக்கும் இடையே பின்னிப் பிணைந்து ஓடுகின்றன. இரண்டாவதைச் சுற்றி அமைந்த ஹோட்டலும் அதே கற்பனை நகரின் ஒரு கட்டடம். அயலவரின் கண்ணுக்காகக் குனிந்த பூங்கா, அந்தக் குனிவாலேயே உலகின் பேசப்படும் வடிவமைப்புகளில் ஒன்றைப் பெற்றது.

மறைக்கப்படுவோரில் தொழிலாளர்களும் உண்டு. சுரங்க வழிகளால் வேலைக்குப் போகிறவர்கள், நள்ளிரவில் தெருவைக் கழுவுகிறவர்கள், சமையலறைக் கழிவைச் சுமக்கிறவர்கள். அவர்கள் கண்ணில் படாமல் இருப்பதும் விற்கப்படும் அனுபவத்தின் ஒரு பகுதி. பார்வைக் கோட்டை வரைகிறவர் எது அழகு என்று மட்டும் முடிவெடுப்பதில்லை. யார் தெரியவேண்டும், யார் தெரியக்கூடாது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்.

கூரைக்கு மேலே பாருங்கள்

புதிய சவாரிக் கட்டடங்களைப் பற்றி ரசிகர்கள் எழுப்பும் முறைப்பாடுகளைச் சிலர் சின்ன விடயம் என்று தள்ளிவிடுவார்கள். ஒரு குடும்பம் மாதக்கணக்கில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுத்து அங்கே போகிறது. 'வேறொரு உலகம்' என்று விளம்பரம் சொன்னதை நம்பிப் போகிறது. அந்த உலகத்தின் கூரைக்கு மேலே தகரப் பெட்டி தெரிந்தால், எந்தச் செலவை எங்கே வெட்டினார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. சவாரிக்குள் பல கோடி செலவழித்தவர்கள் அதன் பின்சுவருக்கு ஒரு நிறப்பூச்சோடு நின்றுவிட்டார்கள்.

மேலே பார்த்த நல்ல உதாரணங்கள் எல்லாவற்றிலும் ஒரே வரிசை இருக்கிறது. முதலில் மக்கள் நிற்கும் இடங்களைக் குறித்தார்கள். அடுத்துக் கட்டடம் எவ்வளவு உயரலாம் என்று பார்த்தார்கள். மறைக்க முடியாது என்று கண்டால் அதைக் காட்சியோடு பொருந்தச் செய்தார்கள். பிழைத்துப்போன இடங்களில் பெட்டி முதலில் வந்தது; பார்ப்பவர் பிறகு நினைவுக்கு வந்தார்.

இந்த விடுமுறைக்கும் படங்கள் வரும். கோட்டையின் முன்னால் எடுத்ததைப் பார்க்கும்போது கூரை விளிம்புகளுக்கு மேலேயும் மரங்களின் இடைவெளிகளிலும் ஒருதரம் கண்ணை ஓடவிடுங்கள். கேபிள் காரில் இருந்து ஒரு பிள்ளை எடுத்த கோணலான படமும் அவற்றோடு வரக்கூடும். அதில் தட்டைக் கூரையும் குளிரூட்டி இயந்திரங்களும், வேலை உடையோடு நடந்துபோகும் ஒருவரும் இருக்கலாம். அதை அழித்துவிடாதீர்கள். அதுவும் அந்தப் பூங்காவின் படம்தான்.